ஒன்பது மாத நிதியும் ஓராண்டுக் கூத்தும்: படுவான்கரையிலிருந்து ஒரு சிறுமானிய மதிப்புரை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இயங்கும் எமது கலைக்கழகத்துக்குக் கடந்த ஆண்டு ஒன்பது இலட்சம் ரூபா சமூகச் சிறுமானியமாகக் கிடைத்தது. பாடசாலையை இடையில் விட்ட, அல்லது விட்டுவிடும் நிலையில் இருந்த, 15 முதல் 22 வயது வரையான இருபத்துநான்கு இளையோருக்குக் கூத்தும், கோலடித்து ஆடும் வசந்தனும் பழக்கி அரங்கேற்றுவோம் என்று எழுதிக் கொடுத்து அந்நிதியைப் பெற்றோம். நிதி வழங்கிய அமைப்பின் சேவை தொடக்கம் முதல் முடிவு வரை எப்படி இருந்தது என்பதை, அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் பிற கழகங்களுக்குப் பயன்படும் வகையில் எழுதிவைக்க விரும்புகிறேன். அமைப்பின் பெயரை எழுதவில்லை. அடுத்த சுற்றில் நாமும் விண்ணப்பிக்க இருக்கிறோம் என்பது அதற்கு ஒரு காரணம்; இங்கே சொல்லப்போகும் குறைகள் அந்த ஓர் அமைப்புக்கு மட்டும் உரியவை அல்ல என்பது மற்றொரு காரணம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து புள்ளிகளில் மூன்றரை வழங்குவேன். அந்த மூன்றரையில் பெரும்பங்கு எம்மோடு பழகிய கள உத்தியோகத்தருக்கு உரியது. கழிந்த ஒன்றரையை அவ்வமைப்பின் நாட்காட்டியும் செலவுத் தலைப்புகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

விண்ணப்பப் படிவம் பதினொரு பக்கங்கள் கொண்டது. இணையத்தில் கிடைத்தது ஆங்கிலப் படிவம் மட்டுமே. தமிழ்ப் படிவமும் உண்டு என்பதும், கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புவார்கள் என்பதும் நகரில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு மாத்திரமே தெரியவந்தன. அக்கூட்டம் ஒரு வார நாளில் காலை ஒன்பது மணிக்கு வைக்கப்பட்டிருந்தபடியால், கூலி வேலைக்குப் போகும் உறுப்பினர்களைக் கொண்ட கழகங்கள் பல வரவே இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தே நகருக்குப் போனவர்கள் நாம். பாலம் வந்த பிறகும் ஒரு கூட்டத்துக்காக அரை நாள் கூலியை இழப்பது இலேசான காரியமாகிவிடவில்லை. தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையாது என்று கூட்டத்தில் கூறினார்கள். அதை நம்பித் தமிழிலேயே எழுதினோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இதை ஒரு சிறப்பாகவே குறிப்பிட வேண்டும்.

இன்னொரு சிறப்பு பதிவு பற்றியது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த நிறுவனங்களுக்கே நிதி தருவோம் என்று சொல்லும் அமைப்புகள் உண்டு. ஊர்க் கலைக்கழகங்கள் அத்தகைய பதிவை நாடுவதில்லை. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் பதிவு செய்துகொள்வதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பதிவுச் சான்றிதழும் இரண்டு ஆண்டு வங்கிக் கூற்றும் போதும் என்று இவ்வமைப்பு ஏற்றுக்கொண்டது. இல்லாவிடில் ஏதாவதொரு பெரிய நிறுவனத்தின் நிழலில் நின்று, அவர்களுக்கு நிர்வாகச் செலவென்று ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு காரியம் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

படிவத்தின் நான்காம் பக்கத்தில்தான் எமக்கு முதற் சங்கடம் நேர்ந்தது. ‘பாதிப்புறக்கூடிய நிலையில் உள்ள இளையோர்’ என்னும் தலைப்பின் கீழ்க் கட்டங்கள் வரிசையாக இருந்தன: தாய் அல்லது தந்தை வெளிநாட்டில் இருப்பவர், பெற்றோரை இழந்தவர், பாடசாலையை விட்டவர், இளவயதில் திருமணமானவர், போதைப்பொருள் ஆபத்தில் உள்ளவர், மாற்றுத்திறனாளி, சிறுவர் இல்லத்திலிருந்து வெளியேறியவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே பொருத்தமான கட்டத்தில் அடையாளமிட்டுக் கிராம உத்தியோகத்தரின் ஒப்பத்துடன் பட்டியல் தர வேண்டும். எமது ஊரில் ஒரே பையனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் பொருந்தின. தாய் சவூதியில் வீட்டுப் பணிப்பெண், தந்தை பிரிந்துபோய்விட்டார், அம்மம்மாவோடு வாழ்கிறான், தரம் பத்தோடு படிப்பை விட்டுவிட்டு மண் ஏற்றும் உழவு இயந்திரத்தில் வேலை. கட்டாயக் கல்விக்கான வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது; ஆயினும் அந்த வயதுக்குள் எத்தனை பேர் வயலிலும் ஆற்றங்கரையிலும் நிற்கிறார்கள் என்பதை எமது ஊர்களுக்குள் ஒரு காலை நேரம் நடந்து பார்த்தவர் அறிவர்.

கட்டங்கள் பொய்யல்ல. ஆனால் சிறிய ஊரில் அத்தகைய பட்டியல் ஒன்று உருவாகிவிட்டால், ‘பிரச்சினைப் பிள்ளைகளுக்கான கூத்து’ என்ற பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எந்தப் பிள்ளையும் கூத்தாடும் களரிப் பக்கம் வராது. எனவே ஊரிலே கூத்துப் பழக விரும்பும் எவரும் வரலாம் என்று அறிவித்தோம். வந்தவர்களுள் கட்டங்களுக்குள் அடங்குபவர்களின் பட்டியலைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டோம். ஏனையோர் எம்மோடு சும்மா பழகினார்கள். கள உத்தியோகத்தர் இதைப் புரிந்துகொண்டு, பட்டியலைக் களரியில் வாசிக்கவோ சுவரில் ஒட்டவோ வேண்டாம் என்று தாமாகவே கூறினார். விண்ணப்பிக்க இருப்போர் இதை முதல் நாளிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பங்குபற்றுவோரில் அரைவாசிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. கூத்து இங்கே ஆண்களின் ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது; பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஏற்று ஆடினார்கள். கூத்துப் பழக்கும் எமது அண்ணாவியார் எழுபதைக் கடந்தவர். முதலில் இந்த நிபந்தனைக்கு மறுத்துவிட்டார். மறுத்ததற்கு மரபைக் காரணமாகச் சொன்னாரே தவிர, உண்மைக் காரணம் இரவுப் பழக்கம்தான் என்பது பேசப் பேசத் தெரிந்தது. பெண் பிள்ளைகளை இரவில் களரியில் நிறுத்திவைத்து ஊராரிடம் பேச்சு வாங்க அவர் விரும்பவில்லை. சனி, ஞாயிறு பகல்களில் பாடசாலை மண்டபத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனியாகப் பழக்குவதென்று முடிவானதும் அவர் இறங்கிவந்தார். பதினொரு பெண் பிள்ளைகள் தொடங்கினார்கள். மூன்று மாதத்தின் பின், தாளக்கட்டைப் பிடித்துக்கொள்வதில் பையன்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று அவரே சொல்லித் திரிந்தார். நிதியாளரின் நிபந்தனை ஒன்று எமது வழக்கத்தை அசைத்து நன்மை செய்த இடம் இது. குறை சொல்ல வந்த மதிப்புரையில் இதனை மறைப்பது நேர்மையாகாது.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தின்படி திட்டக் காலம் ஜனவரி 1 முதல் செப்டெம்பர் 30 வரை. பணம் மூன்று தவணைகளில் வரும்: தொடக்கத்தில் ஐம்பது வீதம், இடைக்கால அறிக்கையின் பின் நாற்பது, இறுதி அறிக்கையின் பின் பத்து. முதல் தவணை எமது கணக்கில் விழுந்தது மார்ச் நடுப்பகுதியில். வங்கிப் புத்தகத்தில் உள்ள கழகத்தின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபட்டிருந்ததே தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். வங்கி முகாமையாளரின் கடிதம், கழகத் தலைவரின் உறுதியுரை, மீண்டும் ஒரு வங்கிக் கடிதம் என்று வாரங்கள் கழிந்தன. ஓரெழுத்துக்கு இரண்டரை மாதம் என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

தாமதத்தை நாம் உடனே உணரவில்லை என்பதும் உண்மை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும். பையன்கள் மூட்டை ஏற்றப் போய்விடுவார்கள். அந்நாட்களில் களரியில் நிற்க ஆளிராது. ஆனால் தொடக்கம் பின்னுக்குப் போனதே தவிர முடிவுத் திகதி அசையவில்லை. கூத்துக்கு அதற்கே உரிய ஒழுங்கு உண்டு. அண்ணாவியார் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அதற்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ‘சட்டம்’ கொடுப்பார். அதன் பின் ஆட்டமும் பாட்டும் பழகுவது மாதக்கணக்கில் நடக்கும். கிழமைதோறும் ஆடிப்பார்க்கும் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஏறிவந்தே அரங்கேற்றம் நிகழும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கமும் இருக்கிறது. இவையெல்லாம் வேளாண்மையையும் கோயிற் சடங்குகளையும் அனுசரித்து அமைந்தவை. சித்திரையில் சட்டம் கொடுத்துப் பழகத் தொடங்கினோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்ததும், குளிர்த்திச் சடங்கு முடியும்வரை இளையோர் அனைவரும் கோயிலோடு நின்றுவிட்டார்கள். அவர்களை மறித்துக் கூத்துக்கு அழைக்க அண்ணாவியாருக்கும் மனமில்லை, எமக்கும் துணிவில்லை. அதன் பின் சிறுபோக வேலை. அதன் பின் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர்.

மூன்று மாத நீடிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம். நிதியாண்டு முடிவதால் இயலாது என்று மூன்று வாரங்களின் பின் பதில் வந்தது. அமெரிக்காவின் அரச நிதியாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதியும், அவுஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூலை 1ஆம் திகதியும், கனடாவின் நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் திகதியும் தொடங்குகின்றன. எமது வயல்களின் ஆண்டு ஐப்பசி மழையோடு தொடங்குகிறது. நிதி எங்கிருந்து புறப்பட்டாலும் அது இறங்குகின்ற இடத்தின் பருவத்தைப் பார்த்துத் திட்டக் காலத்தை வகுப்பதில் யாருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுவென்றே கருதுகிறேன். கிழமைக் கூத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, அடுக்குப் பார்த்தலை மூன்று இரவுகளுக்குள் அடக்கி, செப்டெம்பரின் கடைசி வாரத்தில் அரங்கேற்றினோம். கூத்து நன்றாகவே அமைந்தது என்று ஊரார் சொன்னார்கள். இரண்டு பாத்திரங்களின் ஆட்டத்தில் பிழை இருந்ததை அண்ணாவியாரும் நானும் அறிவோம்.

செலவுத் தலைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தக் கொள்வனவுக்கும் மூன்று விலைக்கூறல்கள் வேண்டும் என்பது விதி. பொதுப் பணத்தைக் கையாளும் எவரும் இப்படியொரு விதியை வைத்திருப்பார்கள்; அதில் தவறு காண முடியாது. ஆனால் எமக்குத் தேவைப்பட்டவை இரண்டு மத்தளங்களும், வடமோடிக் கூத்தின் அரசர்களுக்கான கரப்புடுப்பு என்னும் விரிந்த உடைகளும் முடிகளும். மத்தளம் கட்டுபவர் தம் வீட்டு முற்றத்தில் இருந்து கட்டுகிறார். அவரிடம் கடிதத் தலைப்பும் இல்லை, வியாபாரப் பதிவு இலக்கமும் இல்லை. அவரைப் போல இன்னும் இருவரைத் தேடிப்பிடித்து எழுத்தில் விலை வாங்குவது எப்படி? நகரிலுள்ள இசைக்கருவிக் கடையொன்று விலைக்கூறல் தர முன்வந்தது. தாளை வாங்கிப் பார்த்தால் மிருதங்கத்துக்கு விலை எழுதியிருந்தார்கள். இதனை அண்ணாவியாரிடம் சொன்னபோது, “மத்தளத்துக்குக் கொட்டேசன் வேணுமெண்டா மாட்டுக்கிட்டத்தான் மனே கேக்கணும்” என்றார். கடைசியில் கலாசார உத்தியோகத்தர், இத்தொழில் தெரிந்தவர் இப்பகுதியில் இவரே என்று ஒரு கடிதம் தந்தார். ஒரே வழங்குநர் என்ற விளக்கத்தோடு அமைப்பு அதனை ஏற்றுக்கொண்டது. இதற்கு ஐந்து வாரங்கள் சென்றன. அதுவரை பழைய மத்தளத்தை இரவல் வாங்கிப் பழகினோம். மரபுக் கலைக்கு நிதி தருவதாக அறிவிக்கும் அமைப்பு, மரபுக் கைவினைஞரிடமிருந்து பொருள் வாங்குவதற்கான வழியையும் படிவத்திலேயே முன்கூட்டி எழுதிவைத்திருக்கலாம்.

அண்ணாவியாரின் கொடுப்பனவு இதைவிடச் சிக்கலானது. அவர் ‘வளவாளர்’, அதாவது பயிற்சி தர அழைக்கப்படுபவர், என்னும் தலைப்பின் கீழ் வந்தார். வளவாளருக்கு நாட்கணக்கில் பணம். ஆகக்கூடியது இருபது நாட்கள். சுயவிவரக் கோவை இணைக்கப்பட வேண்டும். நானே அவரது திண்ணையில் இருந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். கல்வித் தகைமை என்ற இடத்தில் தரம் 5 என்றும், தொழில் அனுபவம் என்ற இடத்தில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் என்றும் எழுதி, அவர் பழக்கி அரங்கேற்றிய கூத்துகளின் பட்டியலைப் பின்னிணைத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து சான்றிதழ் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. கள உத்தியோகத்தர் என்ன பதில் எழுதினாரோ தெரியாது. அதன் பின் யாரும் கேட்கவில்லை. அண்ணாவியார் எம்மோடு நின்றது தொண்ணூறு நாட்களுக்குக் குறையாது. பெற்றது இருபது நாட்களுக்கான பணம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் இருந்தமையால் நியாயமாகிவிடும் கணக்கு அன்று அது.

உணவுக்கு மொத்த நிதியில் பத்து வீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது. வேலையிலிருந்து நேரே களரிக்கு வரும் பையனுக்குத் தேநீரும் பணிசும் போதா, சோறு வேண்டும். தாய்மார் சிலர் முறைவைத்துச் சமைத்தார்கள். அரிசியும் மீனும் ஊரிலிருந்து வந்தன. ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து வீதம் வரை அனுமதியின்றி மாற்றலாம் என்ற விதி கைகொடுத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட காலத்தில், விண்ணப்பத்தில் எழுதிய விலைக்கும் கடையில் கேட்ட விலைக்கும் தொடர்பே இல்லாது போனதை நிதி தருவோரும் பெறுவோரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நெகிழ்ச்சி அந்நாட்களில் கற்றதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

போக்குவரத்துச் செலவில் பஸ் பற்றுச்சீட்டுகளே ஏற்கப்படும் என்றிருந்தது. பழக்கம் முடியும் நேரத்தில் எமது ஊரில் பஸ் ஏது? அத்தோடு, இருட்டிய பின் அடுத்த ஊர்ப் பாதையில் யானை நிற்கும். படுவான்கரையில் இது கதையல்ல. வயலோரத்துக் குடும்பங்கள் ஆண்டுதோறும் உயிரையும் உடைமையையும் கொடுத்துவரும் விடயம். ஆகவே எட்டரை மணிக்கே பழக்கத்தை நிறுத்தி, அடுத்த ஊர்ப் பையன்களை உழவு இயந்திரத்தில் ஏற்றி, இரண்டு பெரியவர்களைத் துணைக்கு அனுப்பினோம். இயந்திரக்காரர் பற்றுச்சீட்டுப் புத்தகம் வைத்திருப்பவரல்லர். அவர் ஒப்பமிட்ட வெள்ளைத் தாளை அமைப்பு மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. யானையைப் பற்றி நாம் எழுதிய குறிப்பை அலுவலகத்தில் பலரும் வாசித்ததாகப் பின்னர் அறிந்தோம்.

சிறுவர் பாதுகாப்பு விடயத்தில் இச்சேவைக்கு முழுப் புள்ளி. பணம் வருமுன்னரே பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதச் செய்தார்கள். அரை நாள் பயிற்சி தந்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இருக்கும் இடத்தில் எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பதையும், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலச் சம்மதத்தையும் வற்புறுத்தினார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தைக் களரிக் கொட்டிலில் எழுதி வைத்தோம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை ஒருநாள் அழைத்து அறிமுகம் செய்துகொண்டோம். இவையெல்லாம் தாள் வேலை என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன். ஆண்டின் நடுவில் ஒரு சந்தர்ப்பத்தில் அவை தேவைப்பட்டன. விவரம் எழுதுவது முறையன்று. யாரை அழைப்பது, எதைக் கேட்கக் கூடாது என்பதில் நாம் தடுமாறவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்த அமைப்பே இறுதி அறிக்கையோடு இரண்டு ‘வெற்றிக் கதைகள்’ கேட்டபோது எமக்கு வியப்பாக இருந்தது. ஒவ்வொன்றும் ஐந்நூறு சொற்கள். ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு பகுதிகள். முகம் தெரியும் ஒளிப்படம். முன்பு அவன் எவ்வளவு சீரழிந்திருந்தான் என்பது எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்குக் கதை சிறக்கும் என்பதை மாதிரிக்கு அனுப்பப்பட்ட கதையே காட்டியது. அபிமன்னனாக ஆடிய பையனிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அம்மா அங்க போனில பாப்பா அண்ணன். நான் ஆடினத எழுதுங்க, மத்தத விடுங்க” என்றான். அப்படியே செய்தோம். வரவு விருத்தத்தை ஒரே மூச்சில் பாட அவன் பட்ட பாட்டையும், வலது காலில் சதங்கை வெட்டியும் நிறுத்தாமல் ஆடியதையும் எழுதி, பெயரைத் தவிர்த்து, முடியும் ஒப்பனையும் முகத்தை மறைத்திருந்த படத்தை இணைத்தோம். ‘முன்பு’ என்ற பகுதியை வெறுமையாக விட்டோம். ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளின் துயரத்தை விலையாக்கும் இந்தக் கேள்வியை நிதியாளர்கள் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

நல்லிணக்கம் என்று ஒரு பகுதியும் இருந்தது. அதற்காக ஒப்புக்கு ஒரு நிகழ்ச்சி வைப்பதில் எமக்கு ஈடுபாடு இருக்கவில்லை. ஆனால் வசந்தனில் கோலடித்து ஆடுவதைக் கேள்விப்பட்டு, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் முஸ்லிம் ஊரொன்றிலிருந்து, அவர்களின் கோலாட்டமான பொல்லடி பழகும் இளைஞர் எட்டுப் பேர் தம் பெரியவரோடு வந்தார்கள். அவர்களும் தம் ஆசானை அண்ணாவியார் என்றே அழைத்தார்கள். இரண்டு அண்ணாவியார்களும் ஒரு பிற்பகல் முழுவதும் கோலின் நீளத்தையும் அடியின் கணக்கையும் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒருவர் அடியை மற்றவர் பழகிப் பார்த்தார்கள். அறிக்கையில் அதற்கு நான்கு வரிகள் போதுமாக இருந்தன.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இம்மாவட்டத்திலேயே முன்னுதாரணங்கள் உள்ளன. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாக வந்து மாதக்கணக்கில் ஓவியத்திலும் களிமண்ணிலும் கதையிலும் மூழ்கினார்கள். அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரது மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனை ஊர் மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கமும் ஊரவரின் விவாதத்துக்கும் முடிவுக்கும் இடம் கொடுத்து, பொறுமையாக நடந்தது. காலத்தைத் தாராளமாகக் கொடுத்ததே இரண்டிலும் நான் காணும் பொதுத்தன்மை. வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்லலாம். பிரித்தானியாவின் தேசிய லொத்தர் சமூக நிதியம் இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண் வரையான சிறுமானியங்களை இரண்டு ஆண்டுக் காலம் வரை வழங்குகிறது. பணியாளர் கொடுப்பனவையும் நடைமுறைச் செலவையும் அதிலிருந்தே செலவிடலாம். அங்கே இளையோர் மன்றமொன்றில் தொண்டாற்றும் என் மைத்துனர் இதனைச் சொன்னபோது, அண்ணாவியாருக்குப் பணம் கிடைக்காத எழுபது நாட்கள் என் நினைவில் வந்து நின்றன.

எமது நாட்டிலே தெரிவுகள் குறைவு. கொழும்பிலுள்ள தூதரகங்களின் சிறுமானியங்கள் உண்டு. கனடாவின் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதியமும் அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் அவற்றுள் அறியப்பட்டவை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்த பிறகு, பெரிய நிறுவனங்களும் சிறிய நிதிகளின் வாசலுக்கு வரத் தொடங்கியிருப்பதை நாம் காண்கிறோம். அவர்களிடம் விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இந்நிலையில், தமிழில் எழுதிய ஊர்க் கழகமொன்றின் விண்ணப்பத்தை வாசித்துத் தெரிவு செய்த இவ்வமைப்பைக் குறைகளோடும் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பிப்போர் கழகத்தின் பெயர் வங்கிப் புத்தகத்தில் எப்படி உள்ளதோ அப்படியே எழுத்தெழுத்தாகப் படிவத்தில் எழுதட்டும். ‘வளவாளர்’ என்ற தலைப்பை ஏற்காமல், ‘பயிற்சி நெறியாளர், மாதக் கொடுப்பனவு’ என்று முதலிலேயே கேட்கட்டும்; பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கிறது என்பதை நாம் பிந்தித்தான் அறிந்தோம். ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் முடிவுத் திகதியைப் பற்றிப் பேசட்டும்.

தொடங்கியவர்கள் இருபத்துநான்கு, அரங்கேற்றத்தில் ஆடியவர்கள் பதினேழு. இருவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள், ஒருத்திக்குத் திருமணமாயிற்று, ஏனையோர் நின்றுவிட்டார்கள். நின்றவர்களை ஏன் நின்றார்கள் என்று கேட்கும் இடம் அறிக்கையில் இல்லை; எத்தனை பேர் என்ற எண் மட்டுமே இருந்தது. பதினேழு என்று எழுதினோம். இறுதித் தவணை குறைக்கப்படவில்லை.

அறிக்கை கொடுத்து நான்கு மாதங்களின் பின், முற்றி வெட்டிய வயல்களிலிருந்து புது நெல் வீடுகளுக்கு வந்த பிறகு, வீட்டுக்கு வீடு ஆடினோம். அதற்கு நிதி இல்லை. ஊரார் தந்த காசும் நெல்லுமே. கிழிந்திருந்த ஒரு மத்தளத்துக்குத் தோல் மாற்றவும், அண்ணாவியாருக்கு வேட்டியும் சால்வையும் எடுக்கவும் அது போதுமாயிற்று. கொழும்புக்குப் போனவர்களுள் ஒருவன் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து தன் பழைய பாத்திரத்தைக் கேட்டு வாங்கி ஆடினான். ஒரு ஞாயிறு மாலை, கள உத்தியோகத்தர் கணவரோடும் சிறு மகளோடும் மோட்டார் சைக்கிளில் வந்து, எமது வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து கடைசிவரை பார்த்தார். வழக்கத்தால் எழுந்து, வருகைப் பதிவேட்டைத் தேடினேன். அது செப்டெம்பரிலேயே கோப்போடு போய்விட்டிருந்தது.